கன்னடம் படிக்க ஓர் அகராதி

பெங்களூரில் இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பலர் கன்னடம் சரளமாகப் பேசுவார்கள். காய்கறிக் கடையில், பேருந்தில், அலுவலகத்தில், பக்கத்து வீட்டோடு வாக்குவாதத்தில்கூடத் தடங்கலில்லாமல் வரும். ‘பிரஜாவாணி’ நாளிதழைக் கையில் கொடுத்தால் மட்டும் தலைப்பை எழுத்துக் கூட்டுவதோடு நின்றுவிடும். பேருந்துப் பலகை படிக்கிற அளவுக்கு எழுத்து தெரியும், கதை படிக்கிற அளவுக்குத் தெரியாது. நானும் நெடுங்காலம் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

என்னைப் படிக்கத் தூண்டியவர் மாஸ்தி. மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் தாய்மொழி தமிழ். கோலார் பக்கத்தில் பிறந்து, வீட்டில் தமிழ் பேசி, வாழ்நாள் முழுக்கக் கன்னடத்தில் எழுதி, ‘சிக்கவீர ராஜேந்திர’ நாவலுக்காக 1983-இன் ஞானபீட விருதைப் பெற்றவர். நாடகாசிரியர் டி.பி. கைலாசமும் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவரே. இவர்கள் எழுதியதை, இவர்கள் நடமாடிய ஊரிலேயே இருந்துகொண்டு, மொழிபெயர்ப்பில் மட்டும் படிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அச்சுப் புத்தகமும் பக்கத்தில் ஒரு கனத்த அகராதியுமாக உட்கார்ந்தால் வரிக்கு வரி நிற்க வேண்டியிருக்கும், கதை நகராது. மின்னூல் கருவியில் சொல்லின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அங்கேயே ஒரு பெட்டி திறந்து பொருளைக் காட்டும். மூடிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிறமொழி படிக்கிறவர்களுக்கு இந்தக் கருவி செய்த பெரிய உபகாரம் இதுதான் என்பேன். எடை குறைவு, கண்ணைக் கூசாத திரை என்று மற்றவர்கள் சொல்லும் வசதிகளெல்லாம் எனக்கு இதற்கு அடுத்தபடிதான்.

அந்தப் பெட்டி திறப்பதற்கு உள்ளே அகராதி இருக்க வேண்டுமே! கிண்டிலில் ஜெர்மனுக்கு டூடன், இத்தாலியனுக்குச் சிங்கரெல்லி, போர்ச்சுகீசியத்துக்குப் பிரிபெராம் என்று பெயர்பெற்ற அகராதிகள் இலவசமாகவே இறங்கும். இந்திய மொழிகளுக்கு அந்தச் செழிப்பு இல்லை. அமேசான் 2016 டிசம்பரில் இந்தி, தமிழ், மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் கிண்டில் நூல்களை வெளியிடத் தொடங்கியது. அந்த வரிசையில் கன்னடம் இல்லை. உலகத்தின் பாதி மென்பொருளை எழுதுகிறோம் என்று மார்தட்டும் நகரத்தின் மொழி விடுபட்டது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஆனால் அகராதி செய்தவர்கள் இந்த ஊருக்குப் புதியவர்களா என்ன? எம்.ஜி. சாலைக் கோடியில், மேயோ ஹால் பக்கத்தில், ஃபெர்டினாண்ட் கிட்டெலுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். பாசல் மிஷனின் பாதிரியாராக ஜெர்மனியிலிருந்து வந்த அவருடைய கன்னட-ஆங்கில அகராதி 1894-இல் மங்களூரில் அச்சானது. சுமார் 70,000 சொற்கள். தமிழருக்கு அதில் தனியாக ஓர் உதவி இருக்கிறது. பல கன்னடச் சொற்களுக்குப் பக்கத்தில் அவற்றுக்கு இனமான தமிழ், தெலுங்கு, மலையாளச் சொற்களையும் கிட்டெல் குறித்துவைத்திருக்கிறார். ஆங்கிலப் பொருளைப் படித்து முடிப்பதற்குள் நம் சொல்லே கண்ணில் பட்டுவிடும். சாமராஜப்பேட்டையில் உள்ள கன்னட சாகித்திய பரிஷத்து எட்டுத் தொகுதிகளாகக் கொண்டுவந்த ‘கன்னட நிகண்டு’வுக்குத் தலைமைப் பதிப்பாசிரியர் ஜி. வெங்கடசுப்பையா. ‘பிரஜாவாணி’யில் வாசகர்களின் சொல் சந்தேகங்களுக்கு ஆண்டுக்கணக்காகப் பதில் எழுதியவர். 2021 ஏப்ரலில், தமது 107-ஆம் வயதில் காலமானார்.

இவையெல்லாம் அலமாரியில் இருக்க, என் கருவிக்குள் வந்து சேர்ந்தது ‘அலர்’. வி. கிருஷ்ணா என்பவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தனியொருவராக உழைத்துத் தொகுத்த கன்னட-ஆங்கில அகராதி அது. ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான சொற்கள், இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் அதிகமான பொருள் விளக்கங்கள். பெங்களூரில் உள்ள ஜெரோதா நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் கைலாஷ் நாத்தின் முயற்சியில் 2019-இல் அது இணையத்துக்கு வந்தது. மலையாளத்துக்கு ‘ஓளம்’ என்ற இணைய அகராதியை 2010-லேயே தொடங்கியவர் அவர். பார்க்க மட்டும் விட்டுவிட்டுப் பூட்டி வைக்காமல், முழுத் தரவையும் திறந்த உரிமத்தில் கொடுத்தார்கள். எடுத்தாளலாம், வடிவம் மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். யாருடையது என்று சொல்ல வேண்டும், மாற்றியதையும் அதே உரிமத்தில் விட வேண்டும், அவ்வளவுதான். ஒரு மனிதர் வாழ்நாளில் பாதியைக் கொடுத்துச் செய்ததை ஊருக்கே எழுதி வைத்தது பெரிய காரியம். அதை நினைக்காமல் நான் அந்தப் பெட்டியைத் திறப்பதில்லை.

தரவு கிடைத்தால் மீதி வேலை கடினமில்லை. கோரீடர் என்ற கட்டற்ற வாசிப்பு மென்பொருள் கோபோ, பாக்கெட்புக், ஆண்ட்ராய்டு கருவிகளில் ஓடும். அது ‘ஸ்டார்டிக்ட்’ வடிவ அகராதிகளை ஏற்றுக்கொள்ளும். ஓர் அகராதிக்கு மூன்று கோப்புகள் முக்கியம்: ஒன்றில் அகராதியின் பெயரும் விவரமும், இன்னொன்றில் சொல்லடைவு, மூன்றாவதில் பொருள். கணினியோடு இணைத்து உரிய கோப்புறையில் போட்டால் போதும். வடிவம் மாற்றப் பைகுளோசரி என்ற கருவி இருக்கிறது. கிட்ஹப்பில் ‘இண்டிக்-டிக்ட்’ என்ற பெயரில் தன்னார்வலர்கள் சமஸ்கிருதம், கன்னடம், தமிழ் உட்படப் பல இந்திய மொழி அகராதிகளை இந்த வடிவத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய மொழிகளுக்கு ஃப்ரீடிக்ட் இருக்கிறது.

அகராதியை ஏற்றிவிட்டால் எல்லாச் சொல்லுக்கும் பொருள் வந்துவிடும் என்று எண்ணினால் முதல் பக்கத்திலேயே ஏமாற்றம்தான். கன்னடமும் தமிழைப் போல ஒட்டுநிலை மொழி. கதையில் ‘மனெயல்லி’ என்று இருக்கும், அகராதியில் ‘மனெ’ என்றுதான் இருக்கும். ‘ஹோகுத்தித்தரு’ என்று பக்கம் பக்கமாக வரும், அகராதிக்குத் தெரிந்தது ‘ஹோகு’ ஒன்றுதான். கருவிக்கு இலக்கணம் தெரியாது. விரல் தொட்ட எழுத்துவரிசை அப்படியே அடைவில் இருக்கிறதா என்று தேடும், இல்லையென்றால் பெரும்பாலும் கைவிரித்துவிடும். ஆங்கிலத்தில் ஒரு வினைக்கு நான்கைந்து வடிவம் எழுதி வைத்தால் தீர்ந்தது. நம் மொழிகளில் வேற்றுமை, காலம், எச்சம், எதிர்மறை, துணைவினை என்று ஒரே வினை நூற்றுக்கணக்கில் கிளைக்கும். கோரீடரில் தேடிய சொல்லைத் திருத்தலாம் என்பதால் நான் வாலை நறுக்கிவிட்டு மறுபடி தேடுவேன். இலக்கணம் தெரிந்தவருக்கு இது ஒரு நொடி வேலை. புதிதாகக் கற்கிறவருக்கு எங்கே நறுக்குவது என்றே தெரியாது, அகராதி மிகவும் தேவைப்படுகிறவரும் அவர்தான்.

கண்ணுக்குத் தெரியாத சிக்கலும் ஒன்று உண்டு. தமிழில் ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யுனிகோடில் அந்த ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் போடலாம், கொம்பு தனியாகக் கால் தனியாக இரண்டு குறியீடுகளாகவும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நூலைத் தட்டச்சு செய்தவர் ஒரு விதமாகவும் அகராதியைத் தட்டச்சு செய்தவர் வேறு விதமாகவும் போட்டிருந்தால், ‘கொடு’வைத் தொட்டாலும் இல்லை என்று வரலாம். கன்னடத்தில் ஒற்றெழுத்துகளின் உருவத்தை மாற்றுவதற்காக இடையில் போடப்படும் மறைகுறியீடுகள் இதே தொல்லையைக் கொடுக்கும். ‘அலர்’ இணையதளத்தில் எழுத்துப் பிழையோடு தேடினாலும் ஒலியை வைத்துச் சொல்லைக் கண்டுபிடித்துவிடும் வசதி உண்டு. தரவை மட்டும் கருவிக்குள் கொண்டுவரும்போது அந்த வசதி கூட வருவதில்லை. மின்னூல் வெளியிடுகிறவர்கள் கோப்பை ஒருமுறை ஒரே குறியீட்டு முறைக்கு மாற்றிவிட்டு வெளியிட்டால் இதில் பாதித் தொல்லை தீரும்.

இந்தத் தேடலில் நான் தனியாள் இல்லை. அக்கா மகள் செவிலியர் படிப்பை முடித்துவிட்டு, ஜெர்மனிக்குப் போவதற்காக மொழி வகுப்புக்குப் போகிறாள். ஒருநாள் கருவியைக் கொண்டுவந்து நீட்டினாள். “மாமா, இதுல ஜெர்மன் வார்த்தைக்கு ஜெர்மன்லயே அர்த்தம் சொல்லுது. அது புரிஞ்சா நான் எதுக்கு அகராதி தேடறேன்?” உள்ளே இருந்தது டூடன். உயர்ந்த அகராதிதான், ஆனால் தாய்மொழியாகப் பேசுகிறவருக்காக எழுதப்பட்டது. ஃப்ரீடிக்டின் ஜெர்மன்-ஆங்கிலத்தைப் போட்டுக் கொடுத்தேன். பொருள் வந்தது, அவளுக்குச் சிரமமும் வந்தது. ஜெர்மனில் சில வினைகளின் முன்னொட்டு பிரிந்து வாக்கியக் கடைசிக்குப் போய்விடும். விரல் தொடுவது நடுவில் நிற்கும் பாதியைத்தான். அந்தப் பாதிக்குத் தனியாக வேறு பொருள் இருக்கும். வாக்கியம் முடியும்வரை பார்த்துவிட்டு, கடைசித் துண்டை முன்னால் சேர்த்துத் தேடச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது என்னைவிட வேகமாகத் தேடுகிறாள்.

அவள் கேட்ட அடுத்த கேள்விக்குத்தான் என்னிடம் நல்ல பதில் இல்லை. “ஜெர்மன்லேருந்து நேரா தமிழ்ல அர்த்தம் வர்ற மாதிரி இருக்கா, மாமா?” கருவியில் போட்டுக்கொள்ளும் வடிவில் நான் தேடியவரை அப்படி ஒன்று அகப்படவில்லை. கன்னடத்திலிருந்து தமிழுக்கும் இதே நிலைதான். ஒரே குடும்பத்து மொழிகள், அடுத்தடுத்த மாநிலங்கள், ஒரே தெருவில் இரண்டும் பேசும் நகரம். இருந்தும் கன்னடச் சொல்லைத் தொட்டால் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டுதான் நான் தமிழுக்கு வருகிறேன்.

தமிழில் அகராதிக்குப் பஞ்சமில்லை. ஃபப்ரீசியஸ் 1779-லும் வின்ஸ்லோ 1862-லும் கொடுத்திருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகம் இம்மூன்றையும் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியும் அங்கே உண்டு. அதில் தமிழ்ச் சொல்லும் கன்னடச் சொல்லும் ஒரே பதிவில் அடுத்தடுத்து நிற்கின்றன. அதையும் ‘அலர்’ தரவையும் தமிழ் விக்சனரியையும் வைத்துக்கொண்டு, இரு மொழியும் தெரிந்த பத்துப் பேர் உட்கார்ந்தால் கன்னட-தமிழ் அகராதிக்கு நல்ல அடித்தளம் போட்டுவிடலாம். அப்படிப்பட்ட பத்துப் பேருக்குப் பெங்களூரில் பஞ்சமா? அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையைத் திறக்க 18 ஆண்டுகள் காத்திருந்தோம். 2009 ஆகஸ்டில் அது திறக்கப்பட்ட சில நாட்களில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞருக்குச் சிலை திறந்தார்கள். சிலைகள் இடம் மாறியபோது எனக்கும் மகிழ்ச்சிதான். சர்வக்ஞரைத் தமிழர் ஒருவர் கன்னடத்திலேயே படிக்க உதவும் அகராதியும் வந்தால் அதைவிட மகிழ்வேன்.

இப்போது கைலாசத்தின் ‘டொள்ளு கட்டி’யைப் படித்துக்கொண்டிருக்கிறேன். கைலாசம் 1946-இல் மறைந்தார், அவர் எழுத்துக்குக் காப்புரிமை முடிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் பேசுகிற பேச்சை அப்படியே எழுதியவர், நடுநடுவே ஆங்கிலத்தை வளைத்துக் கன்னடமாக்கியும் விடுவார். கிட்டெலிலும் இல்லாத, ‘அலர்’-இலும் அகப்படாத வடிவங்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. வாய்விட்டுப் படித்தால் பாதி விளங்கிவிடும், தெருவில் கேட்டுப் பழகிய காது கைகொடுக்கும். விளங்கியதை ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதி வைக்கிறேன்: கன்னட வடிவம், ஒரு ‘டேப்’ இடைவெளி, தமிழில் பொருள், அடுத்த வரியில் அடுத்த சொல். இந்தக் கோப்பையும் பைகுளோசரி அகராதியாக மாற்றித் தந்துவிடும். மனெயல்லி, ஹோகுத்தித்தரு போன்ற திரிபுகளையும் வந்த உருவத்திலேயே தனித்தனி வரியாகச் சேர்க்கிறேன். மேல்வீட்டுப் பெரியவர் ஒருவர் ஓய்வுபெற்ற கையோடு கன்னடம் படிக்க ஆரம்பித்திருக்கிறார். கோப்பை அவர் கருவியிலும் போட்டிருக்கிறேன். அகப்படாத சொற்களை அவர் காகிதத்தில் எழுதிக் கொண்டுவந்து கொடுப்பார், இருவரும் உட்கார்ந்து பொருள் எழுதுவோம். இந்த வாரச் சீட்டில் பெரும்பாலும் சமையல் சொற்கள்.