மல்லிக் பஜாரில் ஒரு கடை

கொல்கத்தாவில் குடியேறிய நம்மவருள் பார்க் தெருவை அறியாதார் இரார். சௌரங்கியில் தொடங்கி, உணவு விடுதிகளும் விளக்குகளும் கண்ணைப் பறிக்கக் கிழக்கே செல்லும் வீதி அது. 1767-இல் திறக்கப்பட்ட பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி, ஆசார்ய ஜகதீச சந்திர போஸ் சாலையைத் தொடும் இடத்தில் அதன் கோலமே மாறிவிடுகிறது. எண்ணெய்ப் பிசுக்கு படிந்த நடைபாதையும், சுத்தியல் ஓசையும், கூரை வரை அடுக்கிய மோட்டார் சாமான்களும் நம்மை எதிர்கொள்ளும். அதுவே மல்லிக் பஜார்.

என்னை அங்கே இழுத்துச் சென்றது எங்கள் வீட்டு அம்பாசடர். என் தந்தையார் 1964-இல் வாங்கிய வண்டி அது. அவர் காலமான பின் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. பிரேக் பிடிக்கவில்லை, சக்கரத்தருகே எண்ணெய் கசிந்தது. “எடைக்குப் போட்டுவிடு” என்றனர் உறவினர். அன்னையாரோ ஒன்றும் சொல்லாமல், வாரந்தோறும் அதன் மீது படிந்த தூசியைத் துடைத்து வந்தார். அதைக் கண்ட பிறகு எடைக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

அவ்வண்டி பிறந்த ஊர் தொலைவில் இல்லை. 1942-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், குஜராத்தின் ஓகா துறைமுகத்திலிருந்து 1948-இல் ஹூக்ளிக் கரையிலுள்ள உத்தரபாராவுக்கு இடம் பெயர்ந்தது. ஹௌராவிலிருந்து ரயிலில் செல்வோர் உத்தரபாராவை அடுத்து ‘ஹிந்த் மோட்டார்’ என்றே ஒரு நிலையத்தைக் காணலாம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மூன்றாம் வரிசையே ஐம்பதுகளின் இறுதியில் இங்கு அம்பாசடர் ஆயிற்று. 2014-இல் உற்பத்தி நின்றது. தாய்வீடு மூடிய பின், அவ்வண்டிகளுக்குப் புகலிடம் இத்தகைய கடைகளே.

நான் சென்ற கடை மூன்று தலைமுறையாக ஒரே குடும்பத்தார் நடத்துவது. பாட்டனார் பீகாரிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவராம். அவரும் நம்மைப் போல் வெளியூரார் என்று கேட்டதும் எனக்கு ஒரு நெருக்கம் தோன்றியது. கல்லாவில் அமர்ந்திருந்த பெரியவரிடம் சக்கரத்துப் பிரேக் சிலிண்டர் கேட்டேன். இரண்டு பெட்டிகளை என் முன் வைத்தார். ஒன்று பளபளப்பானது, விலையும் குறைவு. மற்றது பழுப்பேறியது, பிரிக்கப்படாதது.

“பளபளப்பது போலி ஐயா” என்றார் அவரே. “கதவுப்பிடியிலும் பெயர்ப்பலகையிலும் போலி இருந்தால் குற்றமில்லை, கண்தான் ஏமாறும். பிரேக்கில் போலி இருந்தால் உயிர் ஏமாறும். இதை நான் விற்பதில்லை. வித்தியாசம் காட்டவே வைத்திருக்கிறேன்.”

பழைய பெட்டியைப் பிரித்து, சிலிண்டரை வெளிச்சத்தில் பிடித்து உள்துளையை நோக்கினார். துருவால் குழி விழுந்திருந்தால் புது ரப்பரையும் அது அறுத்துவிடுமாம். பிறகு உள்ளிருந்த ரப்பர் வாஷரை எடுத்து விரலால் மடித்தார். அது அப்பளம்போல் விரிந்து வெடித்தது. “பிரிக்காத பெட்டி என்று மகிழ வேண்டாம். இரும்பு காத்திருக்கும், ரப்பர் காத்திராது. இரும்பை வைத்துக்கொள்ளுங்கள், ரப்பரைப் புதிதாகப் போடுங்கள். பிரேக் எண்ணெயைத் தவிர வேறு எண்ணெய் படக்கூடாது; எஞ்சின் எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிவிடும்” என்றார்.

அலமாரியில் ஒரு பெட்டியின் மீது ‘லூகாஸ் டி.வி.எஸ்.’ என்ற பெயரைக் கண்டேன். 1961-இல் தோன்றி, சென்னைப் பாடியில் மோட்டார் மின்கருவிகள் செய்துவரும் நிறுவனம் அது. பீகாரியின் கடையில், வங்காளத்து வண்டிக்காக, நம்மூர்ச் சரக்கு! ஊர்க்காரரைக் கண்டாற்போல் அதைத் தொட்டுப் பார்த்தேன்.

பெரியவரின் உண்மையான சரக்கு அலமாரியில் இல்லை. எந்த ஆண்டு வண்டிக்கு எந்தப் பாகம் பொருந்தும், எது பொருந்துவது போல் காட்டி ஏமாற்றும் என்பதெல்லாம் உருதுவில் எழுதிய நான்கு கணக்குப் புத்தகங்களில் இருக்கிறது. எழுதாதது அவர் விரல்களில் இருக்கிறது. அம்பாசடரும் மாரிஸும் ஒரே குடும்பமாதலால் இங்கிலாந்திலிருந்தும் அவரைக் கேட்டு எழுதுகிறார்கள். மகன் வேறு வேலைக்குப் போய்விட்டார். கல்லூரியில் படிக்கும் பேத்தி மாலை வேளைகளில் வந்து, அப்புத்தகங்களைக் கணினியில் ஏற்றுகிறாள். “எழுத்தை ஏற்றிவிடுவாள், விரலை எப்படி ஏற்றுவாள்?” என்று சிரித்தார் பெரியவர். அவள் விடவில்லை. “அதற்காகத்தான் தாதா, தினமும் ஒரு பாகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுச் சொல்லப் பழகுகிறேன்” என்றாள். அவர் சிரிப்பு நின்றது, கண் கலங்கியது.

சென்ற மாதம் எங்கள் வண்டி மீண்டும் ஓடியது. அன்னையார் முன்னிருக்கையில் அமர்ந்து, ஏரிக்கரை வரை சென்று திரும்பினார். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு வந்ததும், “உங்கள் அப்பா இவ்வளவு வேகமாக ஓட்டமாட்டார்” என்றார்.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரண்களில் தந்தையரும் பாட்டனாரும் சேர்த்து வைத்த மோட்டார் சாமான்கள் கிடக்கலாம். அவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுமுன், விவரம் அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். யாரோ ஒருவர் வீட்டுக் கொட்டகையில் ஒரு வண்டி அதற்காகக் காத்து நிற்கக்கூடும்.