வெள்ளை பூத்த பப்பாளி

2009-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தேன். வாரச் சம்பளத்தோடு குன்னத்தூருக்கு பஸ் ஏறி, மாமாவின் தோட்டத்தில் போய் நின்றால் பப்பாளி மரமெல்லாம் வெள்ளை. இலை, தண்டு, காய் எதையும் விடவில்லை. நிட்டிங் மிஷினில் படிகிற பஞ்சு மாதிரியே இருந்தது.

"உங்க கம்பெனிப் பஞ்சு இல்ல மாப்ள. மாவுப்பூச்சி" என்றார் மாமா.

ஒரு ஏக்கர் பப்பாளி. காயைக் கீறிப் பால் எடுத்து விற்பதற்காகக் கடன் வாங்கி வைத்தது. விடிந்தால் டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தடிப்பார். நாலு நாள் அடங்கும். அப்புறம் பழையபடி வெள்ளை பூக்கும். பூச்சி மேலே மெழுகு மாதிரி மாவு மூடியிருப்பதால் மருந்து சரியாக இறங்காது. ஆனால் அதைத் தின்ன வந்த பொறிவண்டு செத்துப்போகும். மாமா காசு கொடுத்து எதிரிக்குக் காவல் போட்டுக்கொண்டிருந்தார். அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அத்தையின் கம்மல்தான் அடகுக்குப் போனது.

இந்தப் பூச்சிக்குச் சொந்த ஊர் மெக்சிகோ பக்கம். இந்தியாவில் முதலில் கண்ணில் பட்டது 2008-ல், நம்ம கோயமுத்தூரில். வந்தது பூச்சி மட்டும்தான். அங்கே அதை அடக்கி வைத்திருந்த எதிரி கூட வரவில்லை. அப்புறம் பெருகாமல் என்ன செய்யும்? பப்பாளி, மல்பெரி, குச்சிக்கிழங்கு என்று புகுந்து விளையாடியது.

2010-ல் அந்த எதிரியை போர்ட்டோ ரீக்கோவிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவந்து வளர்த்தார்கள். அசரோபாகஸ் பப்பாயே என்று பெயர். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். குஞ்சு உள்ளேயே தின்று வளர்ந்து, கூடாகிப்போன பூச்சியில் ஓட்டை போட்டு வெளியே வரும். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பெருக்கி ஊர் ஊராகக் கொடுத்தது.

அடுத்த வருஷம் மாமாவுக்கும் ஒரு டப்பா கிடைத்தது. "ஒட்டுண்ணிங்களாமா! மாட்டுல இருக்கிற உண்ணி பத்தாதா?" என்றார். அதைவிடக் கஷ்டம், கூடவே சொன்ன நிபந்தனை: இனி மருந்தே அடிக்கக் கூடாது. மரம் வெள்ளையாக நிற்கும்போது டேங்க்கை மூலையில் வைப்பது லேசா? ராத்திரியெல்லாம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார் என்று அத்தை சொன்னார்.

நாலைந்து மாதத்தில் இலை பச்சையானது. பூச்சி குறையக் குறைய, சோறில்லாமல் குளவியும் குறைந்தது. இரண்டுமே அடியோடு அழியவில்லை. கம்மல் திரும்பி வரத்தான் இன்னும் இரண்டு வருஷம் ஆனது.

போன மாதம் போயிருந்தேன். வாசல் பப்பாளியில் ஓர் இலைக்கு அடியில் கொஞ்சம் வெள்ளை. துடைக்கக் கை நீட்டினேன்.

"விடு மாப்ள, அது அதுக்கு வேணும். ஓட்டை இருக்குதான்னு மட்டும் பாரு."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"கண்ணாடி போட்டுட்டு வா" என்றார்.