வார்டன் போட்ட கையெழுத்து

2009 ஜூலை. அன்றைய ஆந்திரத்தின் (இப்போது தெலங்கானா) கம்மம் மாவட்டப் பள்ளிகளுக்கு சுகாதார ஊழியர்கள் ஊசியோடு வந்தார்கள். 10 முதல் 14 வயதுப் பெண்களுக்கு மூன்று தவணை. பலர் பழங்குடிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், அரசு விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். அடுத்த மாதம் குஜராத்தின் வடோதராவிலும் அதே திட்டம் தொடங்கியது. இரண்டு இடங்களிலும் சேர்த்து சுமார் 24,000 சிறுமிகள்.

ஊசி போடப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். விடுதியில் மகளை விட்டுவிட்டுக் காட்டோர கிராமத்துக்குத் திரும்பிவிட்ட அப்பாவைத் தேடிப்போய்க் கேட்பது சிரமம். வார்டன் பக்கத்திலேயே இருந்தார். பிற்பாடு நாடாளுமன்ற நிலைக்குழு ஆந்திரத்தின் சம்மதப் படிவங்கள் 9,543-ஐ எடுத்துப் பார்த்தபோது 2,763-இல் விடுதி வார்டன்களின் கையெழுத்து இருந்தது. 1,948-இல் வெறும் கைநாட்டு. புற்றுநோய், வைரஸ், பக்கவிளைவு என்று விவரங்கள் அச்சிட்ட தாளில் கைநாட்டு வைத்தவருக்கு யார் என்ன விளக்கிச் சொன்னார்கள் என்பதற்குப் பதிவு ஏதும் கிடையாது.

2010 தொடக்கத்தில் செய்தி கசிந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஏழு சிறுமிகள் இறந்துவிட்டார்கள். ஆந்திரத்தில் ஐந்து பேர், குஜராத்தில் இரண்டு பேர். நாடே கொந்தளித்தது. ஏப்ரலில் மத்திய அரசு எல்லாவற்றையும் நிறுத்தியது. விசாரணையில் தெரியவந்த காரணங்கள் வேறு: பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து, மலேரியா. ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றது விசாரணைக் குழு. ஏழை வீட்டுப் பெண்கள் இந்தியாவில் எப்படியெல்லாம் சாகிறார்கள் என்பதற்கு அந்தப் பட்டியலே போதும். ஆனால் அதைப் பொறுமையாகப் படிக்க அப்போது யாரும் தயாராக இல்லை. திட்டத்தை நடத்திய அமெரிக்கத் தொண்டு நிறுவனமான பாத், அதற்குத் துணைபோன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் இரண்டையும் 2013-இல் நிலைக்குழு கடுமையாகச் சாடியது. சாடியதில் நியாயம் இருந்தது. மருந்து குற்றவாளி இல்லை என்பதாலேயே மருந்து கொடுத்த விதம் சரியாகிவிடாது.

அந்தக் கையெழுத்துகளுக்கு நாடு கொடுத்த விலை அதிகம். அதற்குப் பிறகு பல ஆண்டுகளுக்கு இந்த ஊசியின் பெயரை எடுக்கவே மத்திய சுகாதார அதிகாரிகள் தயங்கினார்கள். ஆஸ்திரேலியா 2007-லேயே பள்ளி மாணவிகளுக்குப் போடத் தொடங்கிவிட்டது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 2008-இல் தொடங்கின. இங்கே பெருநகரங்களின் தனியார் மருத்துவமனைகளில், பணம் இருக்கிற, விவரம் தெரிந்த வீட்டுப் பெண்களுக்கு மட்டும் ஊசி கிடைத்துக்கொண்டிருந்தது. அதாவது, இந்த நோய் அதிகம் தாக்காத வீடுகளுக்கு.

யாரைத் தாக்குகிறது என்பதைத் தாலுகா ஆஸ்பத்திரி நர்சம்மாவிடம் கேட்டாலே தெரியும். சீக்கிரம் கல்யாணமாகி, அடுத்தடுத்துப் பிள்ளை பெற்று, நாற்பது ஐம்பது வயதில் 'அந்த இடத்தில்' ரத்தம் படுகிறது என்பதை மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டு வருபவர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022-க்குப் போட்ட கணக்கின்படி இந்தியாவில் அந்த ஓர் ஆண்டில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

இத்தனைக்கும் புற்றுநோய்களிலேயே காரணம் தெளிவாகத் தெரிந்த ஒன்று இது. ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசன் 1983-இல் இந்தப் புற்றுக்கட்டிகளில் மனித பாப்பிலோமா வைரஸின் 16-ஆம் வகையைக் கண்டார். மறு ஆண்டு 18-ஆம் வகை. உலகெங்கும் வரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த இரண்டு வகைகளே பொறுப்பு. 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உடலுறவு வைத்துக்கொள்ளும் ஆண், பெண் பெரும்பாலானோரின் உடம்புக்குள் இந்த வைரஸ் என்றாவது ஒரு நாள் வந்து போகிறது. ஓரிரு வருடத்தில் உடம்பே அதைத் துரத்திவிடும். துரத்தாமல் தங்கிவிட்ட சிலரிடம் பதினைந்து, இருபது வருடம் சத்தமில்லாமல் வேலை செய்து புற்றாக மாறுகிறது. வைரஸ் உள்ளே வந்த பிறகு ஊசி அதை வெளியேற்றாது. அதனால்தான் 9 முதல் 14 வயதுக்குள் போட்டுவிடச் சொல்கிறார்கள். அந்த வயதில் உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புச் சக்தியும் அதிகம்.

சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். போலியோ சொட்டு மருந்துக்கு விளக்கம் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. இந்த ஊசிக்கு விளக்கம் சொன்னால் 'உறவு' என்ற வார்த்தை வந்தே தீரும். பத்து வயது மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைக் கேட்க எந்த அம்மாவும் விரும்புவதில்லை. "நம்ம வீட்டுப் பொண்ணுக்கு எதுக்கு டாக்டர் இதெல்லாம்?" என்ற கேள்வி வடக்கிலும் தெற்கிலும் ஒரே குரலில் எழுகிறது. ஒழுக்கமான பெண்ணுக்கு இந்த நோய் வராது என்ற நம்பிக்கை அதன் அடியில் இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து கணவனைத் தவிர வேறு ஆணை ஏறெடுத்தும் பார்க்காத பெண்ணுக்கும் இது வருகிறது. வைரஸைக் கணவன் கல்யாணத்துக்கு முன்பே வாங்கி வந்திருக்கலாம், அவனுக்கே அது தெரியாமல். மாப்பிள்ளை பார்க்கும்போது ஜாதகம் பார்க்கிறார்கள், சம்பளம் விசாரிக்கிறார்கள். இதைக் கேட்கவும் முடியாது, கேட்டாலும் பதில் கிடைக்காது.

கூச்சத்தைத் தாண்டிய மாநிலம் ஒன்று உண்டு. 2018-இல் சிக்கிம் தன் 9 முதல் 13 வயதுப் பெண்கள் அனைவருக்கும், சுமார் 25,000 பேருக்கு, பள்ளிகளிலேயே ஊசி போட்டது. 95 சதவீதத்துக்கும் மேலானவர்கள் போட்டுக்கொண்டார்கள். அங்கே மாயம் எதுவும் நடக்கவில்லை. ஆசிரியர்களை முதலில் உட்காரவைத்துப் பேசினார்கள், பெற்றோரை அழைத்துப் பேசினார்கள், உள்ளூர் டாக்டர்களைச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லச் சொன்னார்கள். கம்மத்தில் விட்டுப்போனது இதுதான். சின்ன மாநிலம், மக்கள் தொகை குறைவு என்று சமாதானம் சொல்லலாம். பஞ்சாபின் பட்டிண்டா, மான்சா மாவட்டங்கள் 2016-லேயே தொடங்கியிருந்தன.

2010 ஏப்ரல் தடைக்கு ஒரு விசித்திரமான பின்கதை இருக்கிறது. கம்மம் திட்டத்தோடு சம்பந்தமே இல்லாத ஓர் ஆய்வு அப்போது நாட்டின் பல ஊர்களில் நடந்துகொண்டிருந்தது: மகாராஷ்டிரத்தின் பார்ஷி, புனே, குஜராத்தில் அகமதாபாத், மிசோரத்தில் ஐஸால், திண்டுக்கல் பக்கம் அம்பிளிக்கை. 10 முதல் 18 வயது வரையுள்ள திருமணமாகாத பெண்கள் 20,000 பேருக்கு ஊசி போட்டு, மூன்று தவணை வேண்டுமா, இரண்டு போதுமா என்று பார்ப்பதே நோக்கம். கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் ஆர். சங்கரநாராயணன் போன்றவர்கள் முன்னின்று திட்டமிட்டது. அரசின் உத்தரவு இந்த ஆய்வின் ஊசியையும் பாதியில் நிறுத்தியது. சிலருக்கு மூன்று தவணையும் முடிந்திருந்தது. சிலருக்கு இரண்டு. 4,949 பெண்களுக்கு ஒரே ஒரு ஊசியோடு நின்றுபோனது.

ஆய்வு பாழாகிவிட்டது என்று மூட்டை கட்டியிருக்கலாம். ஆய்வாளர்கள் கட்டவில்லை. ஊசி போடத்தானே தடை, தொடர்ந்து கவனிக்க இல்லையே என்று அந்தப் பெண்களைப் பத்து வருடம் விடாமல் பின்தொடர்ந்தார்கள். கல்யாணமாகி வேறு ஊர் போனவர்களைத் தேடினார்கள். 2021-இல் முடிவு வெளியானது. 16, 18 வகைத் தொற்று உடம்பில் நிலைத்து நிற்பதை ஒரே ஊசி 95 சதவீதத்துக்கு மேல் தடுத்திருந்தது. மூன்று ஊசி போட்டவர்களுக்குக் கிடைத்த பலனுக்கு எந்த விதத்திலும் அது குறைவில்லை. கென்யாவில் நடந்த ஆய்வும் இதையே சொல்ல, 9 முதல் 20 வயது வரை ஒரு தவணையே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் ஏற்றுக்கொண்டது. மூன்று ஊசிக்குப் பணம் இல்லாமல் தவித்த ஏழை நாடுகளுக்கு அது பெரிய செய்தி. பாதியில் நிறுத்தச் சொன்ன கோப்பில் கையெழுத்திட்ட அதிகாரி இதை எதிர்பார்த்திருக்க முடியாது.

விலையும் இறங்கியது. புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவேக் ஊசிக்கு 2022 ஜூலையில் அனுமதி கிடைத்து, 2023 ஜனவரியில் அது சந்தைக்கு வந்தது. அப்போது தனியாரில் ஒரு டோஸ் சுமார் ரூ. 2,000. வெளிநாட்டு ஊசியைவிட மலிவுதான், ஆனால் கூலிக்காரக் குடும்பத்துக்கு அதுவே பல நாள் சம்பளம். 2024 பிப்ரவரி 1 அன்று இடைக்கால பட்ஜெட்டில் 9 முதல் 14 வயதுப் பெண்களுக்கு இந்த ஊசியை அரசு ஊக்குவிக்கும் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சொன்னார். மறுநாளே மும்பை மாடல் அழகி ஒருவர் இந்த நோயால் இறந்துவிட்டதாக அறிவித்து, அதற்கடுத்த நாள் உயிரோடு வந்து 'விழிப்புணர்வு' என்றார். நாடு முழுவதும் இந்த நோயைப் பற்றி அதிகம் பேசிய இரண்டு நாட்கள் அவைதான் என்பது வேடிக்கையா வேதனையா, தெரியவில்லை.

பலன் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு ஸ்காட்லாந்து பதில் சொல்லிவிட்டது. அங்கே 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வந்ததாகப் பதிவாகவில்லை என்று 2024-இல் அறிவித்தார்கள்.

மகளை ஊசிக்கு அழைத்து வரும் அம்மாவின் நிலைமைதான் கஷ்டம். அவர் வயதுக்கு ஊசியால் பெரிய பயன் கிடையாது. அவருக்குத் தேவை பரிசோதனை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. பெரிய கருவி எதுவும் வேண்டாம். வினிகர் எனப்படும் அசெட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து கர்ப்பப்பை வாயில் தடவினால், கோளாறான இடம் ஒரு நிமிஷத்தில் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவரே பார்த்துவிடலாம். திண்டுக்கல் மாவட்டத்தில் இந்த முறையைச் சோதித்த ஆய்வு 2007-இல் வெளியானது. ஒரே ஒரு முறை பார்த்து, தேவைப்பட்டவர்களுக்கு உடனே சிகிச்சை கொடுத்ததிலேயே அங்கே சாவு 35 சதவீதம் குறைந்தது. மகளுக்கு ஊசி போடும் அதே நாளில், அதே கட்டடத்தில், திரை போட்ட ஓர் அறையில் அம்மாவுக்கும் இதைச் செய்துவிட முடியும். அதற்கு வேண்டியது ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு நர்ஸ். சம்மதப் படிவத்தில் அம்மாவே கையெழுத்துப் போடுவார்.