‘எல்லோரும்’ என்னும் சொல்

விடுதியின் மூன்றாம் தளத்துக் கடைசி அறையில் ஒரு பிறந்தநாள் விழா. கோயம்புத்தூரை அடுத்த பொறியியல் கல்லூரி ஒன்றில் முதலாண்டு பயிலும் அம்மாணவன், அறைவாயிலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளிருந்து வரும் நெடியை அறிந்துகொள்கிறான். அது அவனுக்குப் புதியதன்று. ஊரில் மாலை மங்கியபின் வீட்டுக்குள் முதலில் நுழைவது அந்நெடி. அதன் பின்னரே தந்தை நுழைவார். நூறு நாள் வேலைக் கூலியையும் பால் விற்ற காசையும் அரிசிப் பானைக்குள் மறைத்து வைக்க அவன் தாய் பழகிக்கொண்டது அந்நெடியின் பொருட்டே. அத்தகைய வீட்டிலிருந்து வந்தவன், நண்பன் நீட்டும் காகிதக் கோப்பையை ஏன் வாங்கிக்கொள்கிறான்?

தீய நட்பு என்பர் சிலர். திரைப்படம் என்பர் வேறு சிலர். இவை முற்றிலும் பொய்யல்ல. ஆனால், அம்மாணவனை இவை விளக்கவில்லை. அவனைச் சுவை ஈர்க்கவில்லை. முதல் மிடறு எவருக்கும் இனித்ததில்லை. தொண்டையில் எரிந்து, கண்ணில் நீர் வரவழைத்துத்தான் அது இறங்குகிறது. தீமை அறியாதவன் என்றும் அவனைச் சொல்ல இயலாது. மேடையில் பேசுவோர் பலரைவிட அதனை அருகிலிருந்து கண்டவன் அவன். அவனை அசைத்தது ஒரு சொல்தான். ‘எல்லோரும் குடிக்கிறார்கள், நீ மட்டும் என்ன?’ என்பதிலுள்ள அந்த ‘எல்லோரும்’.

அச்சொல்லின் வலிமையை உணர அவனுடைய பகற்பொழுதையும் அறிதல் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் பயின்று, ஊரே வியக்கும் மதிப்பெண்ணோடு வந்தவன், இங்கே ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பின் கடைசி வரிசையில் வாய் திறவாமல் அமர்ந்திருக்கிறான். பகலெல்லாம் ஊமையாயிருந்தவனை இரவில் இந்த அறைதான் பட்டப்பெயர் சொல்லி அழைக்கிறது. அவன் சொல்லும் ஊர்க்கதைக்குச் சிரிக்கிறது. கோப்பையை மறுத்தால் இச்சிரிப்பையும் இழக்க நேருமோ என்று அவன் அஞ்சுகிறான். இந்த அச்சத்தை எள்ளி நகையாடுவோர், பதினெட்டு வயதில் தனிமை எத்தன்மையது என்பதை மறந்துவிட்டவர்கள்.

கூடியிருந்து உண்ணும் இன்பம் தமிழருக்குப் புதிதன்று. கள் சிறிதளவே கிடைத்தால் அதனைத் தமக்கே தந்துவிடுவான், மிகுதியாகக் கிடைத்தால் தாம் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்று அதியமானை நினைந்து ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல் புறநானூற்றில் உள்ளது. அங்கே கள் ஒரு கொடை. விடுதியறையின் கோப்பையோ ஒரு தேர்வு. ‘நீ எங்களவனா?’ என்று வினவி, விடையை வாயால் கேளாமல் தொண்டையால் கேட்கிறது.

இனி, அந்த ‘எல்லோரும்’ யார் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பே எஞ்சும். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவரிடையே தெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் என்னும் உளவியலார் இருவர் நிகழ்த்திய ஆய்வு 1993 இல் வெளிவந்தது. தம் வளாகத்தின் குடிப்பழக்கம் தமக்கு உறுத்தலாக இருப்பதாகவும், பிற மாணவருக்கு அத்தகைய உறுத்தல் அவ்வளவாக இல்லை என்றும் மாணவர்கள் கருதினர். ஒவ்வொருவரும் தம்மை விதிவிலக்கு என எண்ணியிருக்க, விதி என்று ஒன்று அங்கே இருக்கவேயில்லை! துயரம் இதனோடு முடியவில்லை. ஒரு பருவம் கழிவதற்குள், ஆண் மாணவரின் சொந்தக் கருத்து, தாம் தவறாக ஊகித்த அந்தப் பொதுக்கருத்தை நோக்கி நகர்ந்தது. இல்லாத கூட்டத்தைப் பின்தொடர்ந்து உண்மையாகவே ஒரு கூட்டம் உருவாயிற்று.

மதுவின் புகழில் ஒரு பகுதியும் இவ்வாறு ஊகத்தால் விளைந்ததே. சியாட்டில் நகரில் ஆலன் மார்லட் என்னும் உளவியலார் மதுக்கூடம் போன்றதோர் ஆய்வறையை அமைத்து, மது கலவாத பானத்தை மது என்று நம்பும்படி மாணவருக்கு வழங்கினார். பலர் உரக்கப் பேசினர். கூச்சம் துறந்து சிரித்தனர். அவர்களை மயக்கியது எதிர்பார்ப்பு அன்றி வேறன்று.

ஆயினும், உண்மையான மதுவுக்கு உண்மையான ஆற்றல் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. அது கூச்சத்தைச் சிறிது நேரம் அகற்றுகிறது. அச்சிறிது நேரத்தில் அவன் பேசுகிறான். ஆனால், மறுநாள் வகுப்பில் அதே கடைசி வரிசை, அதே மௌனம். பேசியது மது, அவன் பேசக் கற்கவில்லை. இரவல் நாவை விடியலில் திருப்பித் தந்தாக வேண்டும். வட்டியும் உண்டு. மது தரும் உறக்கம் ஆழமற்றது. கனவு காணும் உறக்கநிலையை அது குறைக்கிறது. பகலில் படித்தது நினைவில் படிவதையும் தடுக்கிறது. மோர் குடித்தாலும் எலுமிச்சைச் சாறு குடித்தாலும் தலையில் தண்ணீர் ஊற்றினாலும் கல்லீரல் தன் வேகத்தை மாற்றிக்கொள்வதில்லை. தீமை தொடங்கும் அளவு இது, அதற்குக் கீழே அச்சமில்லை என்று வரையறுக்கத்தக்க எல்லை எதுவும் மதுவுக்கு இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 இல் அறிவித்தது.

அக்கோப்பைகள் எல்லோருக்கும் ஒரே அளவினவும் அல்ல. குடிநோயாளியின் மகனுக்கு அந்நோய் வரும் வாய்ப்பு பிறரைவிட மிகுதி. அருகில் அமர்ந்திருப்பவனுக்கு ஒரு மாலையோடு முடிந்துபோகக்கூடியது, இவனுக்கு அரிசிப் பானைவரை நீளக்கூடும்.

சட்டம் தடுக்காதா எனலாம். 1937 இல் இராசாசி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கி வைத்தார்; பின்னர் அது பலமுறை தளர்ந்தும் இறுகியும் வந்துள்ளது. 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கலாகாது என்பது இன்றைய விதி. எனினும், மூத்தவன் ஒருவன் வாங்கி வந்தபின், கதவடைத்த அறைக்குள் அந்த விதிக்கு வேலையில்லை.

தான் உண்ணாத வேளையில் கள்ளுண்டவனைக் காண்பவன் அதன் தளர்ச்சியை நினைத்துப் பாரானோ என்று வள்ளுவர் வினவுகிறார். அம்மாணவன் சிறுவயதுமுதல் அதனைக் கண்டவன். அவன் இன்னும் காணாதிருந்தது, அதே அறையில் உண்ணாதிருந்தவரை.

அன்றிரவு ஒரு மிடறோடு நிறுத்தி, கோப்பையைச் சன்னல் விளிம்பில் திரைக்குப் பின்னே வைத்துவிட்டு, வெறுங்கையோடு மற்றவருடன் சிரித்துக்கொண்டிருந்தான். எவரும் கவனிக்கவில்லை. விடிந்ததும், விடுதிக் காப்பாளர் வருமுன் அறையைத் துப்புரவாக்கும் பொறுப்பு முதலாண்டு மாணவனாகிய அவன்மேல் விழுந்தது. திரையை விலக்கினான். சன்னல் விளிம்பில் நான்கு கோப்பைகள் இருந்தன. நான்கும் ஏறத்தாழ நிறைந்தே இருந்தன. அவற்றுள் தன்னுடையது எது என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. கட்டில்களில் உறங்கிக்கொண்டிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு, கோப்பைகளை எடுத்துச் சென்று கைகழுவும் தொட்டியில் கவிழ்த்தான்.