புழுங்கலரிசி சொல்லித்தந்த கணக்கு

மருத்துவம் படிக்கப் போனால் கணக்கிலிருந்து தப்பிவிடலாம் என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி. உடற்கூறியலும் மருந்தியலும் மண்டையில் ஏறின. புள்ளியியல் மட்டும் ஏறவில்லை. வகுப்பில் பலருக்கும் இதே நிலைதான். "பி மதிப்பு 0.05க்குக் குறைந்தால் நல்லது" என்று உருப்போட்டுக்கொண்டு தேர்வுக்குப் போனோம். ஏன் நல்லது என்று கேட்டால் விழிப்போம். முதல் தடவை நான் தேறவில்லை.

அந்த வாரம் டத்தோ கிராமாட் வீட்டுக்கு வந்தேன். பாட்டி புழுங்கலரிசிச் சோறு போட்டார்.

"ஏம்மா, மொகம் வாடிக் கெடக்கு?"

ஒன்றுமில்லை என்று தட்டை வழித்தேன். மறுதேர்வுக்குப் படிக்கும்போது அதே சோறு பாடத்தில் எதிர்ப்பட்டது.

1905ஆம் ஆண்டு. கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் பெரிபெரி நோய். கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் ஓய்ந்து பலர் இறந்தனர். அன்றைய மலாயாவில் தீட்டிய வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர்களை வாட்டிய இந்நோய், புழுங்கலரிசி உண்ட தமிழர்களிடம் அரிதாகவே இருந்தது. அரிசிதான் காரணமா?

டாக்டர் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்காரர்களுக்கு ஓர் அரிசி, இரட்டைப்படைக்கு மற்றோர் அரிசி. பக்கத்துக்குச் சுமார் 120 பேர். ஓராண்டு முடிவில், வெள்ளையரிசிப் பக்கத்தில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தனர். புழுங்கலரிசிப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

அரிசிக்குச் சம்பந்தமே இல்லையென்றால் 18 சாவும் ஒரே பக்கம் விழுமா? காசைச் சுண்டினால் 18 தடவையும் தலையே விழுவது போன்றது அது. இரண்டரை லட்சத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை. 'இது தற்செயலாக நடந்திருக்குமா?' பி மதிப்பு கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தான். எனக்கு அன்றுதான் விளங்கியது.

நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்குகிறது என்பது பின்னாளில் தெரிந்தது.

பாட்டியிடம் சொன்னேன். "இதுக்குப் போயா பதினெட்டு உசுரு?" என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. அவர்கள் மனநோயாளிகள், சம்மதம் கேட்கும் வழக்கம் அன்று இல்லை.

மறுதேர்வில் தேறினேன். இன்று பயிற்சி மருத்துவர். "டாக்டர், இந்த மருந்து அப்பாவுக்குக் கேக்குமா?" என்று வார்டில் யாராவது கேட்டால், 'நூற்றுக்கு இத்தனை பேருக்கு' என்று சொல்லும் முன் ஒரு நொடி நிற்கிறேன். அந்த எண்ணுக்குள் யார் யாரோ இருக்கிறார்கள்.