இழுத்துக் களைத்த வண்டி



தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயாவுக்குச் செல்லும் பாதையில் ஒரு தடவையாவது பயணம் செய்து பாருங்கள். இரு பக்கமும் தேயிலை. ஒரு வளைவு முடியுமுன் அடுத்த வளைவு. டன்சினன் தோட்டத்துப் பக்கம் போனால் ஏறத்தாழ 100 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர்வீழ்ச்சியைக் காணலாம். 'சுப்ஹானல்லாஹ்' என்று நாவு தானாகவே சொல்லும்.

அந்த அழகுக்கு நடுவே மலையேறும் வாகனங்களையும் சற்றுக் கவனியுங்கள். கொழுந்துப் பெட்டியை இழுக்கும் ட்ரக்டர், சாமான் ஏற்றிய ட்ரெய்லரை இழுக்கும் ஜீப். ஏற்றத்தில் என்ஜின் முனகும். இறக்கத்தில் பிரேக் சூடேறி மணக்கும். இப்படி உழைத்த வண்டியும் ஒருநாள் கழுவி, வர்ணம் பூசி விற்பனைக்கு வரும்.

2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடையில் பழைய வாகனங்களின் விலை மிகவும் ஏறிப்போயிற்று. புதியது இன்றும் சாதாரண குடும்பத்துக்கு எட்டாக் கனிதான். பழையதை வாங்கப் பணம் போதாவிட்டால் வீட்டுக்காரரின் பார்வை எங்கே போகும்? உங்கள் கழுத்துக்கும் கைக்கும்தானே! அந்த நகை உங்கள் சொந்த உடைமை. மனமுவந்து கொடுத்தால் நன்மை உண்டு. ஆனால், எதற்காகக் கொடுக்கிறோம் என்று விசாரிப்பதும் உங்கள் உரிமையே.

எனவே கேளுங்கள்: "இந்த வண்டி எதையாவது இழுத்ததா?" ஓடிய கிலோமீற்றர் கணக்கு இதைச் சொல்லாது. பின்புறம் கொக்கி பூட்டிய துளைகள், புதிதாக ஒட்டிய இரும்பு, அங்கே மட்டும் பளபளக்கும் வர்ணம் ஆகியவையே சாட்சி. பின் வில்லுத்தகடுகள் தாழ்ந்திருக்கின்றனவா, சேஸியில் வெடிப்பு உண்டா, கியர் ஒயிலில் உலோகத் தூள் கலந்திருக்கிறதா என்று நம்பிக்கையான மெக்கானிக்கைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். ஏற்றத்தில் ஓட்டும்போது என்ஜின் சத்தம் கூடியும் வேகம் கூடாவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்று விளங்கிக்கொள்ளலாம். மலைப் பாதையில் பிரேக் ஏமாற்றினால் நட்டம் பணத்தோடு நிற்காது. வண்டியில் இருப்பது உங்கள் பிள்ளைகள்!

பால் கறக்காமல் மடியைப் பெருக்கவைத்து ஆட்டையும் ஒட்டகத்தையும் விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஏமாந்து வாங்கியவர் அதை வைத்துக்கொள்ளவோ திருப்பிக் கொடுக்கவோ உரிமை வழங்கினார்கள். குறையை மறைத்துப் பூசிய வர்ணமும் பெருக்கவைத்த மடியும் ஒன்றல்லவா? பொருளில் மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமையை நம் ஃபிக்ஹு நூல்களும் பேசுகின்றன.

சகோதரிகளே! நம் வீட்டு வண்டியையும் ஒருநாள் விற்போம். அன்று, "இது பாரம் இழுத்த வண்டி என்று சொல்லியே விற்றுவிடுங்கள்" என்று சொல்பவர் நீங்களாக இருங்கள். விலை சற்றுக் குறையலாம். ஆனால் உண்மை சொல்லி விற்ற காசில்தான் பரக்கத் இருக்கிறது. அத்தகைய ஹலாலான வாழ்வை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.