விளக்கும் ஈரத்துணியும்

மின்சாரம் இல்லாத இரவிலேதான் விளக்கின் அருமை தெரியும். 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நேர்ந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்நாள்களில் மாத்தளையிலுள்ள எம் இல்லத்தில் மாலையானதும் தேங்காயெண்ணெய் விளக்கே துணையாயிற்று.

எம் தங்கையின் மகன் மே மாதத்துச் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். ஓரிரவு, புத்தகத்தருகே இருக்க வேண்டிய விளக்கு ஒரு தகரக் குவளையின் கீழே எரிவதைக் கண்டோம்.

“படிக்க வைத்த விளக்கில் விளையாட்டா?” என்று சினந்தோம்.

“விளையாட்டில்லை, மாமா. இது வெப்பக்காற்று இயந்திரம். சுடரால் ஓடும்.”

“ஓடுகிறதா?”

“இன்னும் இல்லை,” என்று தலை குனிந்தான். நாம் விளக்கை எடுத்துக்கொண்டு அகன்றோம். அன்றிரவு அவன் உணவு கொள்ளவில்லை எனத் தங்கை கூறியபோது எம் உள்ளம் உறுத்திற்று. மறுநாள் நாமே விளக்குடன் அவனிடம் சென்றோம்.

இயந்திரத்தின் அமைப்பு எளியது. காற்றுப் புகாவண்ணம் மூடிய குவளைக்குள், அதனிலும் சற்றுச் சிறிய, இலேசான குவளையொன்று கம்பியில் தொங்கி மேலும் கீழும் அசையும். அது மேலே செல்லும்போது காற்று பக்க இடைவெளியால் கீழிறங்கிச் சுடரின் சூட்டில் விரியும். அது கீழே வரும்போது காற்று மேலேறிக் குளிர்ந்து சுருங்கும். இவ்விரிவும் சுருக்கமும், பக்கக் குழாயின் வாயில் இழுத்துக் கட்டிய பலூன் தோலை அசைத்து, சைக்கிள் கம்பியால் செய்த வளைதண்டைச் சுழற்றும். அத்தண்டே உட்குவளையையும் ஏற்றி இறக்கும். பழைய இறுவட்டுகள் சக்கரமாயின.

இதன் மூலவர் றொபேட் ஸ்டேர்லிங் என்னும் ஸ்கொட்லாந்து நாட்டுப் போதகர். நீராவிக் கொதிகலன்கள் வெடித்து உயிர்கள் மாண்ட அக்காலத்தில், 1816 இல், இவர் தமது காற்று இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1818 இல் அத்தகைய இயந்திரம் ஒரு கற்சுரங்கத்தில் நீரிறைத்தது. பின்னாளில் மின்சாரம் எட்டாத வெப்ப நாடுகளில் மண்ணெண்ணெய்ச் சுடரால் சுழலும் விசிறிகளும் இம்முறையில் இயங்கின. இன்று சுவீடனின் நீர்மூழ்கிக் கப்பல்களிலும் இதன் வழிவந்த இயந்திரங்கள் உள்ளன.

ஆனால் எம் மருமகனின் இயந்திரமோ நான்கைந்து சுற்றுடன் நின்றுவிடும். “சூடு போதாது,” என்று கூறி, நாம் இன்னொரு திரியையும் ஏற்றினோம். அது முன்னிலும் விரைவில் நின்றது. இன்னும் ஒரு திரி ஏற்றக் கை நீட்டியபோது அவன் தடுத்தான்.

“மேற்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், மாமா. அதுவும் சுடுகிறது. காற்று எங்கே போய்க் குளிரும்?”

ஓர் ஈரத்துணியை மேல்மூடியில் சுற்றி, இரண்டாம் திரியை அணைத்துவிட்டுச் சக்கரத்தை விரலால் மெல்லத் தள்ளினான். தயங்கிற்று, பின் தானாகவே சுழன்றது. துணி காயும் வரை அது நிற்கவில்லை. வீடே விளக்கைச் சூழ்ந்து நின்றது.

வெப்ப இயந்திரத்தின் வலிமை சூட்டில் மட்டுமன்று, சூட்டுக்கும் குளிருக்கும் உள்ள வேறுபாட்டிலேயே தங்கியுள்ளது என்பதைப் பிரான்சியரான சாடி கார்னோ 1824 இலேயே எழுதிவைத்தார். பாடநூலில் நாம் அதைப் படித்ததுண்டு. ஆயினும், எம் கண்முன் அதைச் செய்து காட்டியவன் பதினாறு வயதுப் பிள்ளை.

இதனைச் செய்ய விழையும் மாணவர்கள் தகரத்தின் கூர் விளிம்பிலும் சுடரிலும் கவனம் கொள்க. பெரியவர் ஒருவர் அருகிருத்தல் நன்று. அப்பெரியவருக்கும் ஒரு சொல்: “படி, படி” என்று பிள்ளைகளுக்குச் சூடேற்ற நாம் தவறுவதில்லை. ஈரத்துணியைத்தான் மறந்துவிடுகிறோம்.